அடுப்படிக்குள் வந்த தராசு

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் கிழக்குப் பகுதியான பாயில் ஹைட்ஸில், ஒரு நூலகத்தில் வாரம் இரண்டு மாலை பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். மெக்சிகோ, எல் சால்வடோர், குவாத்தமாலா என்று தெற்கிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள்தாம் அங்கே பெரும்பாலும். அவள் கணக்கில் கெட்டி. அன்றைக்கு மட்டும் நோட்டைத் திறக்கவேயில்லை.

"நேத்து டாக்டர்கிட்ட போனோம். நான்தான் மொழிபெயர்த்தேன்" என்றாள்.

அம்மாவுக்கு ஸ்பானிஷ்தான் தெரியும். மருத்துவருக்கு ஆங்கிலம்தான் தெரியும். நடுவில் மகள். மருத்துவர் ஒரு வளைகோட்டு வரைபடத்தைக் காட்டி, இவள் எடை வயதுக்கு மிக அதிகம், இப்படியே போனால் சர்க்கரை நோய் வரும் என்றிருக்கிறார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "வீட்டில் இவளுக்கு என்னதான் சாப்பிடக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அதை அம்மாவிடம் இவள் சொல்ல வேண்டும். தன் உடலைப் பற்றிய புகாரைத் தன் வாயாலேயே சொல்லி, தன் தாயைக் குற்றவாளியாக நிறுத்த வேண்டும்.

"நீ என்ன சொன்னே?"

"நல்லாத் தூங்கச் சொல்றார் மாமின்னு சொன்னேன்."

அங்கே மாமி என்றால் அம்மா. அன்றிரவு வீட்டில் அம்மா வழக்கம்போலத் தட்டில் பரிமாறியிருக்கிறார். இவள் பசிக்கவில்லை என்று எழுந்து போய்விட்டாள். அதிலிருந்து குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள்.

நானும் பத்தாம் வகுப்பு வரை 'குண்டம்மா' என்று கூப்பிடப்பட்டவள்தான். பாசமாகக் கூப்பிட்டவர்களும் உண்டு, கல்யாணப் பந்தியில் என் இலையை எட்டிப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. ஸ்பானிஷில் அதே சொல் 'கோர்தா'. கொஞ்சலாகச் சொன்னால் 'கோர்தீத்தா'. ஒரே சொல் கொஞ்சலாகவும் குத்தலாகவும் இருக்கும் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மருத்துவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. அந்தக் கேள்வி அவருடைய சொந்தக் கேள்விதானா? யாரிடமிருந்து அவருக்கு வந்தது? தேடிப் படித்தபோது அதற்கு ஏறக்குறைய நூறு வயது என்று தெரிந்தது.

குறைவாகக் கொடுத்த தாய்

1910இல் மெக்சிகோவில் புரட்சி வெடித்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் லட்சக்கணக்கானவர்கள் எல்லையைத் தாண்டி வந்தார்கள். கலிஃபோர்னியாவின் தோட்டங்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் அவர்களுடைய உழைப்பு தேவைப்பட்டது. அவர்களுடைய வாழ்க்கைமுறை மட்டும் தேவைப்படவில்லை. 1915இல் கலிஃபோர்னியா அரசு வீட்டு ஆசிரியைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆசிரியைகள் வீடு வீடாகப் போய் ஆங்கிலம், சுத்தம், உணவுப் பொருள் வாங்குவது, சமைப்பது, அமெரிக்கக் குடிமைக் கொள்கைகள் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கலாம் என்றது அந்தச் சட்டம்.

யாருக்குச் சொல்லிக்கொடுப்பது? ஆண்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே பெண்களைப் பிடித்தார்கள். தாயை மாற்றினால் குடும்பம் மாறும், குடும்பம் மாறினால் இனமே மாறும் என்பது கணக்கு. சோளத் தோர்த்தியாவுக்குப் பதில் ரொட்டி, பயற்றுக்குப் பதில் லெட்டூஸ் கீரை, பொரிப்பதற்குப் பதில் வேகவைப்பது என்று பாடம் நடந்தது. சோளமும் பயறும் சேர்ந்த சாப்பாடு பல தலைமுறைகளை வளர்த்த சாப்பாடு என்பது அந்த ஆசிரியைகளுக்குப் பொருட்டாக இல்லை.

1929இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் கோவினா ஊரில் பணியாற்றிய பேர்ல் எல்லிஸ் என்ற ஆசிரியை, இல்லறக் கல்வி வழியாக மெக்சிகோப் பெண்பிள்ளைகளை அமெரிக்கர்களாக மாற்றுவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் மதியச் சாப்பாடு பற்றி ஒரு பகுதி வருகிறது. மெக்சிகோப் பிள்ளை வெறும் தோர்த்தியாவை மடித்து எடுத்து வருகிறது, உள்ளே ஒன்றும் இல்லை, பாலும் பழமும் இல்லை என்கிறார். அதனால் பிள்ளை சோம்பேறியாகிறதாம். பசி தாங்காமல் அடுத்த பிள்ளையின் டப்பாவில் கைவைக்கிறதாம். திருட்டு வாழ்க்கையின் முதல் படி அங்கே தொடங்குகிறதாம்.

ஒரு தோர்த்தியாவிலிருந்து சிறைச்சாலை வரை எவ்வளவு சுலபமாகப் போய்விட்டார் பாருங்கள்! அந்தத் தாய்க்குத் தோட்டத்தில் என்ன கூலி கொடுத்தார்கள், அந்தக் கூலியில் பாலும் பழமும் வாங்க முடியுமா என்ற கேள்வி அங்கே எழவேயில்லை. தாய் தன் பிள்ளைக்குக் குறைவாகக் கொடுத்தாள் என்பதே 1929இன் குற்றச்சாட்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எழுபது ஆண்டுகள் கழித்து அதே தாயை இதே கூண்டில் மறுபடியும் பார்ப்போம்.

குடும்பம் ஒரு குறையானது

தமிழ்ச் சமூகத்தில் குடும்பம் என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் ஸ்பானிஷ் பேசும் சமூகங்களில் 'ஃபமிலியா' என்ற சொல்லுக்கும் உண்டு. அத்தை, மாமா, ஒன்றுவிட்ட சகோதரர்கள், ஞானஸ்நானப் பெற்றோர் எல்லோரும் அதில் அடக்கம். இந்தக் குடும்பப் பற்றை ஆய்வாளர்கள் 'ஃபமிலிஸ்மோ' என்கிறார்கள். அது அறிவுத்துறைக்குள் நுழைந்த வரலாறு அவ்வளவு நல்லதாக இல்லை.

1964இல் வில்லியம் மேட்சன் என்ற மானுடவியலாளர் தெற்கு டெக்சாஸ் மெக்சிகோ-அமெரிக்கர்களைப் பற்றி எழுதிய புத்தகம், குடும்பப் பற்றையும் விதியை நம்பும் மனப்போக்கையும் முன்னேற்றத்துக்குத் தடைகளாகக் காட்டியது. 1968இல் ஆக்டேவியோ ரோமனோ என்ற அறிஞர் 'எல் கிரீட்டோ' இதழில் இதற்குக் கடுமையாக மறுப்பு எழுதினார். ஒரு மக்களின் போராட்ட வரலாற்றையே அழித்துவிட்டு, அவர்களைச் செயலற்றவர்களாகக் காட்டுகிறீர்கள் என்பது அவர் வாதம். 1975இல் பெண்ணியச் சமூகவியலாளர் மாக்சின் பாக்கா சின் இன்னொரு கோணத்தைத் திறந்தார். குடும்பப் பற்று போராட்டத்துக்குப் பலமாக இருந்திருக்கிறது, அந்தப் போராட்டத்துக்குள் வந்த பெண்கள் குடும்பத்துக்குள் இருந்த ஆண்-பெண் ஏற்றத்தாழ்வையும் அசைத்திருக்கிறார்கள் என்று எழுதினார். குடும்பத்தைப் புனிதமாக்காமலும் நோயாக்காமலும் பேச முடியும் என்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அதே 1975இல், பாயில் ஹைட்ஸின் ஓரத்தில் நிற்கும் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டப் பொது மருத்துவமனையை எதிர்த்து மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் பத்துப் பேர் வழக்குத் தொடுத்தார்கள். பிரசவ வலியில் இருந்தபோது, புரியாத ஆங்கிலப் படிவங்களில் கையெழுத்து வாங்கி, தங்களுக்குக் கருத்தடை அறுவை செய்துவிட்டார்கள் என்பது வழக்கு. மத்ரிகால் எதிர் குவில்லிகன் என்று அது அறியப்படுகிறது. பிள்ளை பெற முடியாமல் போனது இந்தப் பெண்களை எவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தியது என்பதை விளக்க, அவர்கள் சமூகத்தில் குடும்பத்துக்கு இருக்கும் இடம் பற்றி ஒரு மானுடவியலாளர் சாட்சி சொன்னார். 1978இல் நீதிபதி ஜெஸ்ஸி கர்ட்டிஸ் அந்தச் சாட்சியத்தைத் தலைகீழாக்கினார். இந்தப் பெண்களின் துயரத்துக்கு அவர்களுடைய பண்பாட்டுப் பின்னணிதான் காரணம், அது மருத்துவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்று சொல்லித் தீர்ப்பை மருத்துவர்கள் பக்கம் கொடுத்தார். மாவட்ட நிர்வாகம் அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டது 2018இல்.

வலிக்குக் காரணம் கத்தி அல்ல, குடும்பப் பண்பாடு என்றது நீதிமன்றம். இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணின் நினைவு வந்தது. அவளுடைய பாட்டிகள் காலத்தில் நடந்தது இது. மருத்துவரின் அறையில் அம்மா ஏன் வாய்பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு மொழி தெரியாதது மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

கோட்டைப் போட்டவர்கள்

அவள் பார்த்த வரைபடத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் சூத்திரம் 1830களில் பெல்ஜியத்து வானியலாளரும் கணிதவியலாளருமான அடால்ஃப் கெட்டலேயிடமிருந்து வந்தது. அவர் தேடியது 'சராசரி மனிதன்' என்ற ஒரு கற்பனை உருவத்தை. தனி ஆளின் உடல்நலத்தை அளப்பது அவர் நோக்கமில்லை. 1972இல் ஆன்செல் கீஸ் குழுவினர் அந்தச் சூத்திரத்துக்கு உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தார்கள். ஐந்து நாடுகளில் அவர்கள் அளந்த சுமார் 7,400 பேரில் பெண் ஒருத்திகூட இல்லை.

1998இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் அதிக எடைக்கான எல்லையை 25 என்று இறக்கியது. அதற்கு முன்பு அது ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3. முந்தைய நாள் சரியான எடையோடு தூங்கப் போன கோடிக்கணக்கானவர்கள் விடிந்ததும் அதிக எடைக்காரர்கள் ஆனார்கள். 2000இல் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பிள்ளைகளுக்கான புதிய வளர்ச்சி வரைபடங்களை வெளியிட்டது. 1963 முதல் 1994 வரையிலான கணக்கெடுப்புகளை வைத்து வரைந்தவை அவை. ஒரே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் 95ஆவது இடத்துக்கு மேல் வரும் எடையே உடற்பருமன் என்பது கோடு.

இந்தக் கணக்கெடுப்புகளில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் தனியாகத் தெரியத் தொடங்கியதே தாமதம். 1976இல் நாடாளுமன்றம் இதற்கென ஒரு சட்டம் போட்டது. 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் ஸ்பானிய வம்சாவளியா என்ற கேள்வி எல்லோரிடமும் கேட்கப்பட்டது. 1982 முதல் 1984 வரை அவர்களுக்கென்று தனி உடல்நலக் கணக்கெடுப்பு நடந்தது. தென்மேற்கின் ஐந்து மாநிலங்களில் மெக்சிகோ வம்சாவளியினர், ஃபுளோரிடாவின் டேட் மாவட்டத்தில் கியூபர்கள், நியூயார்க் பகுதியில் போர்ட்டோ ரீகோக்காரர்கள் என்று மூன்று வேறு வேறு வரலாறுகள் 'ஹிஸ்பானிக்' என்ற ஒரே பெட்டிக்குள் வந்தன. லத்தீனோ, லத்தீனா என்ற சொற்களும், ஆண்-பெண் விகுதியைத் தவிர்க்க வந்த லத்தீனெக்ஸ் என்ற சொல்லும் இந்தப் பெட்டியின் மேல் ஒட்டப்பட்ட சீட்டுகள். 2020இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்குப்படி, அந்த மக்களில் 3 சதவீதம் பேர்தான் லத்தீனெக்ஸ் என்று தங்களை அழைத்துக்கொள்கிறார்கள். நூலகத்துக்கு வரும் பிள்ளைகளில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பெட்டி தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. எண்ணப்படாதவர்களுக்கு மருத்துவமனையும் இல்லை, மானியமும் இல்லை. 2017 முதல் 2020 வரையிலான கணக்கெடுப்பில் ஹிஸ்பானிக் பிள்ளைகளில் 26.2 சதவீதம் பேர் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தார்கள். வெள்ளையர் பிள்ளைகளில் அது 16.6 சதவீதம். சர்க்கரை நோயும் ஈரல் கொழுப்பும் கற்பனை அல்ல. அவளுடைய மருத்துவர் கவலைப்பட்டதில் தவறில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்தவுடன் யாரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறோம்?

சுயமதிப்பு உடையும் வயது

வளரிளம் பருவத்தினரின் சுயமதிப்பை அளக்க இன்றும் அதிகம் பயன்படுவது மோரிஸ் ரோசன்பெர்க் 1965இல் வெளியிட்ட பத்து வாக்கியப் பட்டியல். நியூயார்க் மாநிலத்தின் பத்து உயர்நிலைப் பள்ளிகளில் 5,024 மாணவர்களை வைத்து அதை உருவாக்கினார். என்னிடம் சில நல்ல குணங்கள் இருக்கின்றன, நான் எதற்கும் உதவாதவள் என்பது போன்ற வாக்கியங்களை எந்த அளவுக்கு ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று நான்கு படிகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2000இல் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் என்ற குழந்தை மருத்துவர் வெளியிட்ட ஆய்வு, 9, 10 வயதுப் பிள்ளைகள் சுமார் 1,500 பேரை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. தொடக்கத்தில் பருமனான பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் சுயமதிப்பில் பெரிய வித்தியாசமில்லை. 13, 14 வயதுக்குள் பருமனான ஹிஸ்பானிக் பெண்பிள்ளைகளிடமும் வெள்ளைப் பெண்பிள்ளைகளிடமும் அது சரிந்துவிட்டது. ஆண்பிள்ளைகளிடமும் இறங்கியது, ஆனால் குறைவாக. சுயமதிப்பு சரிந்த பிள்ளைகளிடம் சோகமும் தனிமையும் பதற்றமும் கூடுதலாக இருந்தன.

இதை நான் இப்படிப் படிக்கிறேன். பத்து வயதில் அதே உடல்தான். அப்போது அது அவளைத் தாழ்த்தவில்லை. நடுவில் வந்தது பருவம், கூடவே வந்தது பார்வை. வகுப்பு, கண்ணாடி, துணிக்கடை, அத்தையின் வாய் எல்லாம் சேர்ந்து அந்த உடலுக்கு ஒரு விலை போடுகின்றன. அந்த விலையைப் பெண்பிள்ளைதான் அதிகம் கட்டுகிறாள்.

2003இல் மின்னசோட்டா மாநிலத்துப் பள்ளிகளில் 4,746 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் வந்தன. எடையை வைத்துத் தங்கள் வீட்டிலேயே கேலி செய்கிறார்கள் என்று பெண்பிள்ளைகளில் 28.7 சதவீதம் பேர் சொன்னார்கள், ஆண்பிள்ளைகளில் 16.1 சதவீதம் பேர். கேலிக்கு ஆளானவர்களிடம் சுயமதிப்புக் குறைவும் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் அதிகம் இருந்தன. முக்கியமான விஷயம், அவர்களுடைய உண்மையான எடை எதுவாக இருந்தாலும் இந்தத் தொடர்பு மாறவில்லை. ஒல்லியான பெண்ணைக் கேலி செய்தாலும் அதே காயம்தான்.

அப்படியானால் குடும்பம்தான் வில்லனா? 1987இல் ஃபேபியோ சபோகால் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இங்கே எனக்கு உதவியது. ஃபமிலிஸ்மோ என்ற ஒற்றைச் சொல்லை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்று, குடும்பத்துக்குச் செய்ய வேண்டிய கடமை. இரண்டு, கஷ்டம் வந்தால் குடும்பம் தாங்கும் என்ற நம்பிக்கை. மூன்று, குடும்பம் என்ன நினைக்கும் என்று பார்த்து நடப்பது. கடமை, துணை, கண்ணாடி என்று நான் வைத்துக்கொள்கிறேன். அமெரிக்க வாழ்க்கைக்குப் பழகப் பழகக் கடமையும் கண்ணாடியும் கொஞ்சம் தேய்கின்றன. துணை மட்டும் தேயவில்லை என்று கண்டார்கள்.

பருமனான ஒரு பெண்பிள்ளையின் நாளை இந்த மூன்றிலும் வைத்துப் பாருங்கள். தம்பி தங்கைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதும், பெற்றோருக்கு மொழிபெயர்ப்பதும், பரிமாறியதை மறுக்காமல் சாப்பிடுவதும் கடமை. பதினைந்து வயது விழாவான கின்சியான்யேராவுக்கு அந்த உடை உனக்கு நுழையுமா என்று கேட்கும் வாய்கள் கண்ணாடி. அழும்போது தலையை மடியில் வைத்துக்கொள்ளும் அதே அம்மா துணை. காயமும் மருந்தும் ஒரே வீட்டில், பல நேரம் ஒரே ஆளிடம் இருக்கின்றன. 'குடும்ப விழுமியம் நல்லது' என்றோ 'அதுதான் பிரச்சினை' என்றோ ஒரே வரியில் சொல்கிறவர்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள்.

அதிகமாகக் கொடுத்த தாய்

2000ஆம் ஆண்டு, தென்மேற்கு மாநிலம் ஒன்றில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தின் மூன்று வயதுப் பெண்குழந்தையை, அதன் எடையைக் காரணம் காட்டி அதிகாரிகள் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். மொழி, பண்பாட்டுத் தடையால் பெற்றோருக்கு ஆபத்து புரியவில்லை என்று ஆவணத்தில் எழுதினார்கள். தாய் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர். சில மாதங்களில் குழந்தை வீடு திரும்பியது.

1929இன் தாய் குறைவாகக் கொடுத்தாள். 2000இன் தாய் அதிகமாகக் கொடுத்தாள். தட்டில் இருந்தது மாறிவிட்டது, கூண்டில் நிற்பவள் மாறவில்லை.

அவள் எந்தத் தெருவில் சமைக்கிறாள் என்று யாராவது பார்த்தார்களா? 1939இல் அரசின் வீட்டுக் கடன் வரைபடம் பாயில் ஹைட்ஸைச் சிவப்பில் தீட்டி, கடன் கொடுக்க ஆகாத பகுதி என்று குறித்தது. பிறகு 1960கள் வரை அதை வெட்டிக்கொண்டு நெடுஞ்சாலைகள் வந்தன. ஹோலன்பெக் பூங்காவின் ஏரி ஓரத்துக்கு மேலேயே ஒரு நெடுஞ்சாலை போகிறது. பிள்ளையை ஓடியாடி விளையாடச் சொல்லும் மருத்துவர் அந்தப் பாலத்தின் கீழ் நின்று ஒருமுறை மூச்சிழுத்துப் பார்க்கலாம். 1996இல் சமூகநலச் சட்டத் திருத்தம், சட்டப்படி குடியேறியவர்களிலும் பெரும்பாலோருக்கு உணவு உதவியை நிறுத்தியது. பிறகுதான் பிள்ளைகளுக்கும் வேறு சிலருக்கும் படிப்படியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். பள்ளிகளில் சோடா விற்பதை நிறுத்த லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி வாரியம் முடிவெடுத்ததே 2002இல்தான். அதுவரை பள்ளி வளாகத்தில் அந்த இயந்திரத்தை வைத்தது எந்தத் தாய்?

எடை பார்த்து வீட்டுக்குச் சீட்டு அனுப்பினால் பெற்றோர் திருந்திவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் 2003இல் ஆர்க்கன்சா மாநிலம் பள்ளி பி.எம்.ஐ. அறிக்கையைத் தொடங்கியது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 2014 முதல் 2017 வரை கலிஃபோர்னியாவின் 79 பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சீட்டு அனுப்பியதால் எந்தப் பிள்ளையின் எடையும் மேம்படவில்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடல்மேல் இருந்த அதிருப்திதான் கூடியது.

ஆனாவும் கார்மெனும்

இந்த வரலாற்றுக்குள் வாழ்ந்தவர்களே இதைச் சொன்ன கதை ஒன்று உண்டு. ஹோசஃபீனா லோபஸ் மெக்சிகோவில் பிறந்து பாயில் ஹைட்ஸில் வளர்ந்தவர். நீண்ட காலம் ஆவணமற்றவராக வாழ்ந்தவர், தையல் பட்டறையில் வேலை பார்த்தவர். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய நாடகம் 1990இல் மேடையேறியது. 2002இல் பெட்ரீசியா கார்டோசோ அதைப் படமாக இயக்கினார். 'ரியல் விமன் ஹேவ் கர்வ்ஸ்' என்பது பெயர். 2019இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது.

ஆனா பருமனான பெண், படிப்பில் சூரப்புலி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. அம்மா கார்மென் அவளை அக்காவின் தையல் பட்டறைக்கு வரச் சொல்கிறார். மெலிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று நொடிக்கு நொடி குத்துகிறார். பட்டறையில் ஓர் உடைக்கு 18 டாலர் கிடைக்கிறது. அதே உடை பெரிய கடையில் 600 டாலருக்கு விற்கிறது. அந்த மெல்லிய உடைகள் எதுவும் அவற்றைத் தைக்கும் பெண்களுக்கு நுழையாது. புழுக்கம் தாங்காத ஒருநாள், ஆனா உடையைக் களைந்துவிட்டு உள்ளாடையோடு இஸ்திரி போடத் தொடங்குகிறாள். ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். தங்கள் வயிற்று வரிகளைக் காட்டி ஒப்பிட்டுச் சிரிக்கிறார்கள். கார்மென் மட்டும் முகம் சுளித்து வெளியேறுகிறார்.

முதல்முறை பார்த்தபோது கார்மென்மேல் எனக்கு அடங்காத கோபம் வந்தது. இரண்டாம் முறை பார்த்தபோது அவருடைய கைகளைப் பார்த்தேன். சிறு வயதிலிருந்து உழைத்த கை. கல்யாணத்தைத் தவிர வேறு பாதுகாப்பைக் கண்டிராத ஒருத்தி, மகளுக்கும் அதையே வாங்கிக்கொடுக்கப் பார்க்கிறார். அவருடைய குத்தல் நியாயமில்லை. ஆனால் அது அவர் கண்டுபிடித்ததும் இல்லை. 18 டாலருக்கும் 600 டாலருக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் அவர் வாயிலிருந்து பேசுகிறது. படத்தில் ஆனா ஊரைவிட்டுக் கிளம்பும்போது அம்மா அறைக்கதவைத் திறப்பதில்லை. அந்த மூடிய கதவை நான் மறக்கவில்லை. படத்தின் ஆனாவுக்கு நியூயார்க் இருந்தது. நூலகத்தில் என் எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு அன்றிரவு திரும்பிப் போக ஒரே வீடுதான் இருந்தது.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும்

பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016இலேயே மத்திய அரசின் மருத்துவ விதி ஒன்று சொல்லியிருக்கிறது, அவசர நேரம் தவிர. மருத்துவமனைதான் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும், இலவசமாக. இதை அவளிடம் சொன்னேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் சொன்ன பொய் மாமிக்குத் தெரிஞ்சிடுமே" என்றாள்.

சில நாள் கழித்து அவளை அழைத்துப் போக அம்மாவே நூலகத்துக்கு வந்தார். தையல் வேலை முடிந்து நேராக வந்திருந்தார், சட்டையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. மகள் புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போன நேரத்தில், என் அரைகுறை ஸ்பானிஷில் ஏதோ தொடங்கினேன். அவர் கையமர்த்தினார். அவருக்கு இருந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார்: "வெயிட். டயபடீஸ். இந்த ரெண்டு வார்த்தை எனக்குத் தெரியாதா? அவ தூக்கம்னு சொன்னா. சரின்னு விட்டேன். என்னைக் காப்பாத்தத்தான் சொன்னா."

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மகள் அவரைக் காப்பாற்றுகிறாள் என்று தெரிந்து, மகளைக் காப்பாற்ற அவர் தெரியாததுபோல் இருந்திருக்கிறார். ஒரே மேசையில் இருவரும் சாப்பிடாமல் எழுந்திருக்கிறார்கள்.

அடுத்த முறை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அம்மாவே தொலைபேசியில் கேட்டு வாங்கினார். 2023இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, 12 வயதிலிருந்து மருந்தும் 13 வயதிலிருந்து அறுவையும் பரிசீலிக்கலாம் என்கிறது. அதே வழிகாட்டி எடையை வைத்து இழிவுபடுத்துவது பிள்ளைகளுக்குச் செய்யும் கேட்டையும் பேசுகிறது. அதில் எது தனக்கு வேண்டும், எது வேண்டாம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை அவளுக்கு இருக்கிறது. அதற்கு முதலில் அந்த அறையில் அவள் நோயாளியாக உட்கார வேண்டும், தூதுவராக அல்ல.

அவளுக்கு எடை குறைந்ததா என்று இதைப் படிக்கிற சிலர் கேட்கக்கூடும். நான் கேட்கவில்லை. திரும்ப வீட்டோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்றாள். "மத்த நாள்ல மாமி வேலை முடிஞ்சு வர மணி ஒன்பது ஆயிடுது."